ஆளுக்குப் பாதி

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டால், நடுவில் மாட்டியவன் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். வெல்டர் நாலு நாளாக அப்படித்தான் சாப்பிட்டார்.

பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் தங்கச்சி முறைத்தாள். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தால் பெண்டாட்டி கரண்டியைச் சட்டியில் ஓங்கிப் போட்டாள். இரும்பை இரும்போடு ஒட்டத் தெரிந்த மனுஷனுக்கு இந்த இரண்டு பேருக்கு நடுவில் எங்கே பற்றவைப்பது என்று தெரியவில்லை.

சலவை ஆலையில் சூப்பர்வைசர் வேலைக்குப் பதினொரு பேர் தங்கள் பேரைக் கொடுத்தார்கள். பரீட்சைக்கான ஆங்கிலப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்பது பேர் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது வெல்டர் வீட்டு அண்ணிக்காரியும் அவள் நாத்தனாரும். நாத்தனாரை ஆலையில் எல்லாரும் கொடுக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். தேளுக்கு வாலில், இவளுக்கு நாக்கில்.

"இன்னிக்கு பதினோரு மணிக்குப் பரீட்சை. நீங்க யார் பக்கம்?" தலையைச் சீவிக்கொண்டே கேட்டாள் அண்ணிக்காரி.

"நான் ஜெயிச்சவங்க பக்கம்."

"அப்ப என் பக்கம்னு சொல்லுண்ணே," என்றாள் கொடுக்கு, வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு. "அண்ணி தோத்துட்டா சாயங்காலம் நீ வீட்டுக்கு வராதே. கடையிலேயே படுத்துக்கோ."

"நீ தோத்தா?"

"அப்பவும் வராதே."

வெல்டர் டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். புத்திசாலி.

சிரித்துக்கொண்டேதான் அண்ணிக்காரி பையை எடுத்தாள். எடுத்தது இடது கையால். மூன்று மாதமாக எல்லாமே இடது கைதான். தண்ணீர்க் குடம், கதவுத் தாழ்ப்பாள், சீப்பு எல்லாம். பத்தொன்பது வருஷம் ஈர விரிப்புகளை உருவி உதறியதில் வலது தோள் மூட்டு தேய்ந்து போயிருந்தது. தோளுக்கு மேல் கை போனால் எலும்புக்குள் யாரோ ஆணியைத் திருகுவதுபோல இருக்கும். டாக்டர் தூக்காதே என்றார். தூக்காவிட்டால் அந்த ஆலையில் அவளுக்கு வேலை இல்லை. உடம்பு முடியாதவர்களுக்கு அங்கே வேறு இடம் கிடையாது. கணக்கை முடித்துக் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவார்கள். சூப்பர்வைசருக்கு மட்டும்தான் தூக்குகிற வேலை இல்லை. அவருக்குப் பேனாதான் பாரம்.

இது வெல்டருக்கும் தெரியாது, கொடுக்குக்கும் தெரியாது.

கொடுக்குக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. புருஷனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து அஞ்சு வருஷமாச்சு. "எனக்குன்னு ஒரு பூட்டு, அதுக்கு ஒரு சாவி. அவ்வளவுதான் ஆசை," என்பாள். கேட்டால் சின்ன ஆசையாகத்தான் இருக்கும். வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் எடை.

சரி, துணி துவைக்கிற இடத்தில் ஆங்கிலப் பரீட்சை எதற்கு என்று கேட்பீர்கள். பழைய சூப்பர்வைசர் செய்த வேலை அது. ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற சீட்டெல்லாம் ஆங்கிலத்தில் வரும். ஒரு சீட்டில் கோர்ஸ் விரிப்புகளைத் தனியாக வை என்று எழுதியிருந்தது. சொரசொரப்பான துணி என்று அர்த்தம். அந்த மனுஷன் அதை விருந்தில் பரிமாறுகிற கோர்ஸ் என்று எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு நாற்பதை ஒரு பெரிய ஓட்டலின் விருந்து மேசைகளுக்கு அனுப்பிவிட்டார். ஓரத்தில் வார்டு நம்பர் அச்சடித்த விரிப்பின்மேல் தட்டு வைத்துச் சாப்பிட யாருக்கு மனசு வரும்? ஓட்டல்காரர்கள் போனில் கத்தியது கொதிகலன் அறை வரைக்கும் கேட்டது.

அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டு, ஆபீஸில் மேனேஜர் கண்ணாடி மேடம் உட்கார்ந்து பரீட்சைக்கென்று பட்டியல் போட்டுவிட்டார். ஒரே மாதிரி காதில் விழுந்து வேறு வேறு அர்த்தம் தருகிற வார்த்தைகள் நாற்பது ஜோடி. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் அதன் ஜோடி. ஒரு எந்திரத்துக்கு ஒரு தாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அண்ணியும் நாத்தனாரும் வேலை செய்வது ஒரே உருளையில். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் விட்டுத் தேய்க்கிற எந்திரம் அது, பத்தடி அகலம். இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து, இழுத்து விறைப்பாக்கி, உருளைக்குள் இழுத்துப்போகிற பட்டையின்மேல் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணும்.

தாளை எந்த முனையில் ஒட்டினாலும் மறுமுனைக்காரிக்குத் தெரியாது. அதனால் நெடுக்குவாட்டில் நடுவே கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்து அவரவர் முனையில் ஒட்டிக்கொண்டார்கள். இடது பாதி அண்ணிக்கு, வலது பாதி கொடுக்குக்கு. ஆறு வாரம் அப்படித்தான் படித்தார்கள். விரிப்பை இழுக்கும்போது அண்ணி தன் வார்த்தையைக் கத்துவாள். பட்டையில் வைக்கும்போது கொடுக்கு ஜோடியைக் கத்துவாள். பதில் வராமல் விரிப்பை விடக்கூடாது என்பது விதி.

பரீட்சை நாள் காலையிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.

"ரிங்! மோதிரம்! ஆர், ஐ, என், ஜி!"

"ரிங்! பிழி! முன்னாடி ஒரு டபிள்யூ. சும்மா நிக்கும், சத்தம் போடாது, வேலை செய்யாது, சம்பளம் மட்டும் வாங்கும். பழைய சூப்பர்வைசர்!"

"வேஸ்ட்! இடுப்பு! நடுவுல ஏ, ஐ!"

"வேஸ்ட்! வீண்! கடைசியில இ! எங்கண்ணன் பத்தவச்ச வாளி மாதிரி!"

"ஹோல்! ஓட்டை! நாலே எழுத்து!"

"ஹோல்! முழுசு! டபிள்யூ சேத்து அஞ்சு! அந்த வாளியில ஓட்டை மட்டும்தான் முழுசு!"

கொடுக்குக்கு ஒரு வார்த்தையைச் சும்மா சொல்ல வராது. ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கொட்டியாக வேண்டும். மடிக்கிற மேசையில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நாற்பது ஜோடியும் தடுக்காமல் வந்தன.

"கரைச்சுக் குடிச்சிட்டோம்," என்றாள் அண்ணிக்காரி.

"நான் குடிச்சேன். நீங்க கரைச்சீங்க."

பதினொரு மணிக்குக் கேன்டீன் மேசைகளைத் துடைத்து, கிழக்கு மூலையில் ஒருத்தி, மேற்கு மூலையில் ஒருத்தியாக உட்காரவைத்தார் கண்ணாடி மேடம். தாளில் நாற்பது வரி. ஒவ்வொரு வரியிலும் இரண்டு அர்த்தங்கள் தமிழில். இரண்டுக்கும் ஆங்கில வார்த்தையைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.

அண்ணிக்காரியின் பேனா முதல் வரியில் இறங்கி நாற்பதாவது வரியில்தான் நின்றது. இடது பக்கம் முழுக்க நிரம்பிவிட்டது. அடேயப்பா, எட்டாம் வகுப்போடு நின்ற கை இவ்வளவு வேகமாக எழுதுமா! அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிறகு வலது பக்கத்துக்கு வந்தாள்.

முதல் வரி: பிழி.

ஒன்றும் வரவில்லை. அடுத்த வரி. ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்ததும் காலி.

இதென்ன கூத்து! காலையில்கூட நாற்பதும் கேட்டதே? கேட்டதுதான், ஒன்றைக்கூட அவள் சொன்னதில்லை. ஆறு வாரமாக அவள் வாய் இடது பாதியை மட்டும் கத்திப் பழகியிருந்தது. வலது பாதி பத்தடி தள்ளி, இன்னொருத்தி வாயில் இருந்தது.

இந்தத் தாள் போனால் உருளை. உருளையில் இன்னும் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஒரு மாதம்? மழைக்காலம் வந்து தோள் இறுகினால் அதுவும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர் மூலையில் கொடுக்கு பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். வாயடைத்துப்போன கொடுக்கை அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். பாவிப் பெண் இடது பக்கத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள் என்று புரிந்தது.

அண்ணிக்காரி கண்ணை மூடினாள். மேசைக்கு மேல் இரண்டு கையையும் நீட்டி, இல்லாத விரிப்பின் மூலையைப் பிடித்தாள். இழுத்தாள். மனசுக்குள், "ரிங், மோதிரம்!" என்று கத்தினாள். பட்டையில் வைத்தாள்.

சத்தம் போடாது, வேலை செய்யாது, சம்பளம் மட்டும் வாங்கும்.

டபிள்யூ! எழுதினாள். மறுபடி இழுத்தாள். எங்கண்ணன் பத்தவச்ச வாளி. எழுதினாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். பதினோராவது விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் நிழல் விழுந்தது.

"என்ன சைகை இது?" கண்ணாடி மேடம்.

"சைகை இல்ல மேடம், பெட்ஷீட்."

"அங்கேயும் அதே பெட்ஷீட்தானா?"

திரும்பினாள். மேற்கு மூலையில் கொடுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் மந்திரவாதம் செய்கிற மாதிரி இருந்திருக்கும். அல்லது, கூசாமல் காப்பியடிக்கிற மாதிரி.

மேடம் இரண்டு தாளையும் பிடுங்கிக்கொண்டார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் முதலில் கோபம் இருந்தது, பிறகு குழப்பம், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன்னுதுல இடது பக்கம் நாப்பதும் சரி. வலது பக்கம் பத்துதான். இவளுதுல வலது பக்கம் நாப்பதும் சரி, இடது பக்கம் எட்டு. காப்பியடிச்சிருந்தா இப்படி வராதே?"

கொடுக்குதான் விஷயத்தைச் சொன்னாள். தாளைக் கிழித்தது, ஆளுக்குப் பாதி ஒட்டியது, கத்தியது எல்லாம். மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ரெண்டும் சேந்தா நூத்துக்கு நூறு. தனித்தனியா ரெண்டும் பெயிலு. நான் ரெண்டு பேரை ஒரே நாற்காலியில உக்கார வைக்க முடியுமா?"

"அண்ணி கொஞ்சம் ஒதுங்குனா முடியும் மேடம்."

"வாயை மூடு. நாளைக்குக் காலையில எட்டு மணி. தனித்தனி ரூம். கையை ஆட்டுனா வெளியில அனுப்பிடுவேன்."

சாப்பாட்டுக்குப் பிறகு உருளைக்குத் திரும்பினார்கள். மூன்று வண்டி ஈர விரிப்பு காத்திருந்தது. கொடுக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அண்ணி, பக்கம் மாறுங்க. நீங்க இங்க நின்னு என் பாதியைக் கத்துங்க. நான் அங்க நின்னு உங்க பாதியைக் கத்தறேன். நாளைக்கு யாரு ஜெயிச்சாலும் முழுசா ஜெயிக்கட்டும்."

எதிரிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் எந்த ஊரிலாவது உண்டா? அண்ணிக்காரிக்கு மனசு நெகிழ்ந்தது. அடுத்த நொடியே ஈர விரிப்பு வண்டி கண்ணில் பட்டது. வலது முனையில்தான் வண்டி நிற்கும். அங்கே நிற்பவள்தான் விரிப்பை உருவித் தலைக்கு மேல் தூக்கி உதற வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால், "எனக்கு இடது பக்கம்தான் காத்து வருது," என்று பொய் சொல்லி அவள் தப்பித்த இடம் அது.

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். மாறினாள்.

முதல் விரிப்பை இடது கையாலேயே சமாளித்தாள். இரண்டாவதையும். மூன்றாவது, இரட்டைக் கட்டில் விரிப்பு. தண்ணீர் குடித்த கனம். உருவினாள், தூக்கினாள், தோளில் ஆணி திருகியது. விரிப்பு கையை விட்டு நழுவித் தரையில் சளக் என்று விழுந்தது.

கொடுக்கு எந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள். கொட்டவில்லை. குனிந்து விரிப்பை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டாள். அண்ணியின் வலது கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தாள். காது உயரம்கூட வரவில்லை.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்கண்ணன்கிட்ட சொல்றதும் தெருவுல தண்டோரா போடறதும் ஒண்ணுதானே."

கொடுக்கு சிரிக்கவில்லை. "பழைய இடத்துக்கே போங்க. அங்கிருந்தே என் பாதியைக் கத்துங்க. தப்பா சொன்னா நான் திருத்தறேன்."

"ஏய், இங்க பாரு. பரிதாபப்பட்டு விட்டுக்குடுக்கலாம்னு நினைச்சே, செவுளு திரும்பிடும்."

"யாரு விட்டுக்குடுக்கறா? கத்துங்க."

கத்தினார்கள். ஆனால் அந்தப் பிற்பகல் முழுக்கக் கொடுக்கு வார்த்தையை வெறும் வார்த்தையாகவே சொன்னாள். கொட்டு இல்லை, நக்கல் இல்லை. மடிக்கிற மேசையில் நின்றவர்கள், "என்ன இன்னிக்கு உருளையில எண்ணெய் இல்லையா?" என்று கேட்டார்கள்.

அண்ணிக்காரிக்கு அந்தக் கொட்டாத வாய்தான் குடைந்தது. என்ன யோசிக்கிறாள்? ஒரு வார்த்தை ஆபீஸில் சொன்னால் போதும். நாளைக்குப் பரீட்சையே வேண்டாம். நாற்காலி தானாக வந்துவிடும். அப்படிப்பட்டவளா? இல்லைதான். ஆனால் அஞ்சு வருஷமாக ஒரு சாவிக்கு ஏங்குகிறவள். ஏக்கம் யாரை எதைச் செய்ய வைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஐந்து மணிக்கு உருளை நின்றது. அண்ணிக்காரி கையைக் கழுவிவிட்டு வந்தபோது கொடுக்கு இல்லை. அண்ணாந்தாள். இரும்புப் படிக்கட்டில், இரண்டிரண்டு படியாகத் தாண்டி, ஆபீஸ் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள் கொடுக்கு. கதவு திறந்தது, மூடியது.

அண்ணிக்காரி அங்கேயே நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். கொதிகலன் பெருமூச்சு விட்டது.

பத்தொன்பது வருஷம் உழைத்தவள் தன் உடம்பைப் பற்றி இன்னொருத்தி வாயால் ஆபீசுக்குச் செய்தி போக வேண்டுமா? போகட்டும் வேலை. சொல்வதென்றால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூப்பிடாமல் அந்தப் படியில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. கதவைத் தட்டவும் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் மூச்சு வாங்க நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் மேடம். இந்தப் பக்கம் கொடுக்கு, வாயைத் திறந்தபடி.

"மேடம், அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என் வலது தோள் போச்சு. மூணு மாசமா தூக்க முடியல. இடது கையை வச்சுத்தான் ஓட்டறேன். மறைச்சது தப்புதான். ஆனா ஒரு பெட்ஷீட்டுகூட இன்னிக்கு வரைக்கும் கோணலா போனதில்ல. கை போனா என்ன, தலை இருக்கு. சூப்பர்வைசர் வேலைக்குத் தலை போதும்னு நினைச்சுத்தான் பேர் குடுத்தேன்."

கொடுக்கு நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அண்ணி! என் பாதித் தாள் ஆவியில ஊறிக் கூழாப் போச்சு. வேற ஒண்ணு கேக்க வந்தேன்!"

மேசைமேல் இரண்டு புதுத் தாள்கள் இருந்தன. கிழிக்காத தாள்கள். அண்ணிக்காரிக்குத் தரை பிளந்து விழுங்கிவிட்டால் தேவலாம் என்று இருந்தது. மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்ததை, யாரும் கேட்காமல், தானே கொண்டுவந்து மேசையில் கொட்டியாயிற்று.

மேடம் அவளைப் பார்க்கவில்லை. கொடுக்கைப் பார்த்தார்.

"நீ கேட்டியா, இவங்க இப்ப சொன்னதை?"

அந்த நாற்காலி கொடுக்குக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. ஆமாம் என்றால் போதும்.

"எங்க மேடம் கேக்குது? இந்த உருளைச் சத்தத்துல?"

"உருளையை அஞ்சு மணிக்கே நிறுத்தியாச்சே."

"அப்படியா? எனக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு மேடம். அஞ்சு வருஷமாச்சு, காது பழகிப்போச்சு."

மேடம் வெகுநேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாருக்கு எந்த வேலை என்று குறிக்கிற ரிஜிஸ்டரை இழுத்துத் திறந்து, பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். பட்டென்று மூடினார்.

"நாளைக்கு எட்டு மணி. தாளை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

ஆளுக்கு ஒரு தாளோடு இறங்கினார்கள்.

"என்னை அவ்வளவு கேவலமா நினைச்சீங்களா அண்ணி?"

"நினைச்சேன்."

"பரவாயில்ல. நாளைக்கு உங்களை மண்ணைக் கவ்வ வச்சுட்டு அப்புறம் பேசிக்கறேன்."

அண்ணிக்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கொட்டு திரும்பிவிட்டது. கொடுக்கு மட்டும் கடைசிப் படியில் நின்று மேலே திரும்பிப் பார்த்தாள்.

"ரிஜிஸ்டர்ல என்னமோ எழுதினாங்களே. பாத்தீங்களா?"

"தலைகீழாத்தான் தெரிஞ்சுது. உன் பேரை எழுதின மாதிரி இருந்துச்சு."

"அப்படியா?" கொடுக்கு கண்ணைச் சுருக்கினாள். "எனக்கு உங்க பேர் மாதிரியில்ல தெரிஞ்சுது?"